டெர்மினலிலேயே பழைய ஃபைல்களைத் தேடி, வேண்டியதை மட்டும் டிக் செய்து பென்டிரைவில் போட என்ன வழி?

தக்கலை_டிடிபி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தக்கலையில் சின்னதாக ஒரு டிடிபி கடை நடத்துகிறோம். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பங்குத் திருவிழா நோட்டீஸ், அசன விருந்து அழைப்பு, குருசடி அர்ச்சிப்பு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இதுதான் வேலை. டிசைன் எல்லாம் விண்டோஸ் மெஷினில், கோரல்டிராவில். முடிந்த வேலைகளைச் சேர்த்து வைக்க மட்டும் ஒரு பழைய கம்ப்யூட்டரில் உபுண்டு சர்வர் 24.04 போட்டு கடை மூலையில் வைத்திருக்கிறோம். அதற்கு மானிட்டர் கிடையாது, டெஸ்க்டாப்பும் போடவில்லை, லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போவேன்.

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "போன வருசம் அடிச்ச அதே நோட்டீஸ், தேதியையும் பேரையும் மட்டும் மாத்தினா போதும்." மாசி பிறந்தால் மண்டைக்காடு கொடை, சிவராத்திரிக்கு முன்னால் சிவாலய ஓட்டப் பாதையில் தண்ணீர்ப் பந்தல் போடுகிற குழுக்களின் பேனர், நவம்பர் கடைசியில் கோட்டாறு சவேரியார் திருவிழா வாழ்த்து, இப்படி ஒவ்வொரு மாதத்துக்கும் ஒன்று. ஃபோல்டர்கள் வருடவாரியாக இருக்கின்றன, அதற்குள் ஊர்வாரியாக. ஃபைல் பெயர்கள் பெரும்பாலும் தமிழில்தான், நடுவில் இடைவெளி, பிராக்கெட் எல்லாம் உண்டு. மாதிரிக்கு ஒன்று: "மண்டைக்காடு கொடை நோட்டீஸ் (பைனல்) 2".

இப்போது நான் செய்வது: ஃபைண்ட் கமாண்டில் தேடுவேன், வருகிற பட்டியலில் வேண்டிய பெயரை மவுஸால் காப்பி செய்வேன், காப்பி செய்யும் சிபி கமாண்டுக்குப் பின்னால் ஒட்டுவேன். இடைவெளி இருந்தால் பெயர் துண்டு துண்டாகப் போகிறது, பிராக்கெட் இருந்தால் பாஷ் (கமாண்டை வாங்கி ஓட்டும் ஷெல்) நேராக சின்டாக்ஸ் எரர் என்கிறது. மேற்கோள் குறி போட்டால் சரியாகும் என்று தெரியும், ஆனால் ஒரு கஸ்டமருக்கு மூன்று வருட ஃபோல்டர்களிலிருந்து ஏழெட்டு ஃபைல் எடுக்க வேண்டி வரும்போது, அதுவும் ஆள் எதிரில் நின்றுகொண்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லும்போது, ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருக்க முடியவில்லை.

எனக்கு வேண்டியது இதுதான். பட்டியல் திரையில் வர வேண்டும், நான் தட்டத் தட்ட அது சுருங்க வேண்டும், வேண்டியதை டிக் செய்ய வேண்டும், வேறு ஃபோல்டரில் இருப்பதையும் அதே மூச்சில் டிக் செய்ய வேண்டும், கடைசியில் எல்லாம் ஒன்றாக பென்டிரைவுக்குப் போக வேண்டும். ஆஃப்செட் வேலைகளுக்கு அந்தப் பென்டிரைவ் சிவகாசிக்குப் போகும், அதனால் ஒன்று விட்டுப்போனாலும் ஒரு நாள் போச்சு. விண்டோஸிலிருந்து சர்வர் ஃபோல்டரைத் திறக்க சாம்பா ஷேர் இருக்கிறது, ஆனால் விண்டோஸிலிருந்து அதற்குள் தேடினால் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கிறது. டெர்மினலிலேயே முடிகிற மாதிரி ஏதாவது உண்டா?

---

வடசேரி_சந்தை எழுதியது:

உண்டு. எஃப்இசட்எஃப் என்று மூன்றெழுத்துப் பெயர். நீங்கள் கேட்டதை வரிக்கு வரி செய்யும். ஜுனகுன் சோய் என்ற கொரியர் எழுதியது, 2013-இல் ரூபியில் தொடங்கி 2015-இல் கோ மொழிக்கு மாற்றினார், அதனால் இப்போது ஒரே ஒரு பைனரி, பெரிய பட்டியலையும் தயங்காமல் விழுங்கும். உபுண்டுவில் ஏபிடி வழியாகவே கிடைக்கும். வெறும் எழுத்துத் திரைதான், அதனால் எஸ்எஸ்எச் வழியாக வேலை செய்யும்.

இதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, இது ஃபைல்களைத் தொடவே தொடாது. எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், நீங்கள் தேர்ந்தெடுத்த வரிகளை மட்டும் வெளியே விடும், அவ்வளவுதான். திரையில் வரைவதை நேராக டெர்மினலுக்கு அனுப்பிவிட்டு, ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் தேர்ந்தெடுத்த பெயர்களை மட்டும் விடுவதால், பைப்புக்கு (ஒரு கமாண்டின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் | குறி) நடுவில் அதை உட்கார வைக்கலாம். முன்னால் ஃபைண்ட், நடுவில் இது, பின்னால் சிபி. தேடுவது ஒருவர் வேலை, பொறுக்குவது ஒருவர் வேலை, காப்பி செய்வது இன்னொருவர் வேலை. இதனால்தான் எனக்கு இது பிடிக்கும். நாளைக்கு காப்பிக்குப் பதில் ஜிப் செய்ய வேண்டும், மெயிலில் அனுப்ப வேண்டும் என்றாலும் கடைசித் துண்டை மட்டும் மாற்றினால் போதும்.

உங்களுக்கான வரி இது. போனில் தமிழ் கீபோர்டில் எழுதுகிறேன், நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள் (சிபிக்குப் பின் வரும் டி, t):

ஃபைண்ட் . -டைப் எஃப் -பிரிண்ட்0 | எஃப்இசட்எஃப் --ரீட்0 -எம் --பிரிண்ட்0 | எக்ஸார்க்ஸ் -0 -ஆர் சிபி -டி பென்டிரைவ்-பாதை

எல்லா இடத்திலும் ஒரு சைபர் வருகிறதே, உங்கள் இடைவெளிப் பிரச்சினைக்கு மருந்து அதுதான். வருகிற பெயர்களை சிபிக்கு எடுத்துக் கொடுப்பது எக்ஸார்க்ஸ், சாதாரணமாக அது இடைவெளியைக் கண்டால் அங்கே ஒரு பெயர் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். சைபர் போட்டால் ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் நல் பைட் ஒன்று வைக்கப்படும். லினக்ஸில் ஃபைல் பெயருக்குள் வரவே முடியாதவை இரண்டுதான், ஒன்று சாய்கோடு, இன்னொன்று இந்த நல் பைட். அதனால் பெயரில் இடைவெளி, பிராக்கெட், மேற்கோள் குறி எது இருந்தாலும் குழப்பம் வராது. மூன்று கமாண்டிலும் சைபர் இருக்க வேண்டும், ஒன்றில் விட்டாலும் சங்கிலி அறுந்துவிடும். எக்ஸார்க்ஸுக்குப் பின்னால் இருக்கிற ஆர், நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காமல் எஸ்கேப் தட்டினால் சிபியை ஓட விடாமல் தடுக்கும்.

-எம் போட்டால்தான் பல ஃபைல் தேர்ந்தெடுக்க முடியும். டாப் விசையைத் தட்டினால் அந்த வரிக்கு அடையாளம் விழும், திரும்பத் தட்டினால் போகும், எண்டர் தட்டினால் அடையாளம் இட்ட எல்லாம் வெளியே வரும். நீங்கள் கேட்ட "வேறு ஃபோல்டரில் இருப்பதையும் அதே மூச்சில்" என்பதற்கு பதில் இங்கே இருக்கிறது: தேடல் எழுத்தை மாற்றினாலும் முன்பு இட்ட அடையாளம் போகாது. "2022 கொடை" என்று தட்டி இரண்டை டிக் செய்யுங்கள், கன்ட்ரோல்-யூ தட்டித் தேடலை அழியுங்கள், "2023 பேனர்" என்று தட்டி இன்னும் மூன்றை டிக் செய்யுங்கள். மேலே இருந்த இரண்டும் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கணக்கில் இருக்கும். தேடும் இடத்துக்குப் பக்கத்தில் எத்தனை பொருந்தியது, மொத்தம் எத்தனை, அடைப்புக்குறிக்குள் எத்தனை டிக் ஆகியிருக்கிறது என்று எண் ஓடிக்கொண்டே இருக்கும். சிவகாசிக்கு ஏழு ஃபைல் போக வேண்டும் என்றால் அந்த அடைப்புக்குறியில் ஏழு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எண்டர் தட்டுங்கள்.

தேடலில் இடைவெளி விட்டால் இரண்டு சொல்லும் இருக்க வேண்டும் என்று பொருள், எது முன்னே எது பின்னே என்பது முக்கியமில்லை. ஆச்சரியக்குறி முன்னால் போட்டால் அந்தச் சொல் இருப்பவை விலகும். கடைசியில் டாலர் போட்டால் அதில் முடிபவை மட்டும் வரும், பிடிஎஃப் மட்டும் வேண்டும் என்றால் அது உதவும்.

---

முட்டம்_கலங்கரை எழுதியது:

மேலே சொன்னது நல்ல கருவிதான், மறுக்கவில்லை. ஆனால் கடையில் உங்களைத் தவிர வேறு யாராவது அந்த மெஷினைத் தொடுவார்களா? அந்த நீள வரியை வேலைக்கு நிற்கிற பையனிடம் கொடுக்க முடியாது.

மிட்நைட் கமாண்டர் பாருங்கள், எம்சி என்று தட்டினால் திறக்கும். மிகேல் தெ இகாசா 1994-இல் தொடங்கியது, இன்னும் பராமரிப்பில் இருக்கிறது. இரண்டு பலகை, இடது பக்கம் பழைய வேலைகள், வலது பக்கம் பென்டிரைவ். இன்செர்ட் விசையால் டிக், எஃப்5 தட்டினால் காப்பி. பெயரில் என்ன இருந்தாலும் கவலை இல்லை, ஏனென்றால் ஷெல்லுக்குப் பெயரைத் தட்டிக் கொடுக்கும் வேலையே இதில் கிடையாது. டாஸ் காலத்து நார்ட்டன் கமாண்டர் பழகியவர்களுக்குப் பார்த்தவுடன் கை தானாகப் போகும்.

லேப்டாப்பில் இன்செர்ட் விசை இல்லையென்றால் கன்ட்ரோல்-டி (T) தட்டலாம், அதுவும் டிக்தான். கூட்டல் குறி தட்டினால் எந்த மாதிரிப் பெயர்கள் என்று கேட்கும், நட்சத்திரம் பிடிஎஃப் என்று கொடுத்தால் அந்த ஃபோல்டரில் உள்ள எல்லா பிடிஎஃப்பும் ஒரே அடியில் டிக் ஆகும். காப்பி ஆகும்போது எவ்வளவு போயிற்று என்று பட்டை காட்டும், பென்டிரைவுக்கு எழுதும்போது அது பெரிய நிம்மதி, சிபி வாய் திறக்காது.

---

வடசேரி_சந்தை எழுதியது:

முட்டம் அண்ணன் சொல்வது ஒரே ஃபோல்டருக்குள் வேலை இருக்கும்போது சரி. அப்போது நானும் எம்சியைத்தான் சொல்வேன். ஆனால் கேட்டவருக்கு ஃபைல் எந்த வருடத்தில் இருக்கிறது என்பதே தெரியாமல்தான் தேடல் தொடங்குகிறது, கஸ்டமர் "கொரோனாவுக்கு முந்தின வருசம்னு நினைக்கேன்" என்பார். எம்சியில் ஒரு ஃபோல்டரில் டிக் செய்துவிட்டு வேறு ஃபோல்டருக்குப் போனால் அந்த டிக் போய்விடும், அதனால் ஃபோல்டருக்கு ஒரு தடவை எஃப்5 தட்ட வேண்டும். ஃபைண்ட் ஃபைல் வசதியில் தேடி, பேனலைஸ் கொடுத்து, வந்த விடைகளை ஒரே பலகையில் போடலாம், அது உண்மை. ஆனால் ஒவ்வொரு தேடலுக்கும் அதை முதலிலிருந்து செய்ய வேண்டும், தட்டத் தட்டச் சுருங்காது.

நீள வரி யாருக்கும் நினைவில் நிற்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு பாஷ் தொடங்கும்போது படிக்கிற பாஷ்ஆர்சி ஃபைலில் ஒரு ஃபங்ஷனாக எழுதி "எடு" என்கிற மாதிரி ஒரு சின்னப் பெயர் வைத்துவிட்டால் முடிந்தது. பையன் அந்தச் சின்னப் பெயரை மட்டும் தட்டினால் போதும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எஃப்இசட்எஃப்-இன் விசைக் கட்டுகளை (கீ-பைண்டிங்ஸ்) பாஷில் சேர்த்துக்கொண்டால், "சிபி" என்று தட்டி ஒரு இடைவெளி விட்டு கன்ட்ரோல்-டி (T) அழுத்துங்கள், அங்கேயே பட்டியல் திறக்கும். டாப்பில் டிக் செய்து எண்டர் தட்டினால் எல்லாப் பெயரும், இடைவெளிக்கும் பிராக்கெட்டுக்கும் வேண்டிய பின்சாய்கோடு போடப்பட்டு, கமாண்ட் வரியிலேயே வந்து உட்காரும். பிறகு பென்டிரைவ் பாதையைத் தட்டுங்கள். எண்டர் அடிக்கும் முன் என்ன நடக்கப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம், அந்த ஒரு காரணத்துக்காகவே நான் பைப்பை விட இதை அதிகம் பயன்படுத்துகிறேன். சர்வரின் லோகேல் (மொழி, எழுத்து அமைப்பு) யுடிஎஃப்-8 ஆக இருக்கட்டும், வெறும் சி லோகேலில் இருந்தால் தமிழ்ப் பெயருக்குப் பதில் எண்களாகக் கொட்டும்.

---

தக்கலை_டிடிபி எழுதியது:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. எஃப்இசட்எஃப் போட்டுவிட்டேன், பிராக்கெட் உள்ள ஃபைல்கள் எல்லாம் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் பென்டிரைவுக்குப் போகின்றன. எம்சியும் போட்டிருக்கிறேன், அன்றன்றைய ஃபோல்டரைப் பார்க்க அது வசதி.

மூன்று சந்தேகம் இருக்கிறது.

விசைக் கட்டுக்கு இணையத்தில் பார்த்த வழியில், எஃப்இசட்எஃப் --பாஷ் என்று கொடுத்து அதை இவால் செய்யச் சொல்கிறார்கள். இங்கே "தெரியாத ஆப்ஷன்" என்று வருகிறது.

தமிழில் தேடினால் சம்பந்தமில்லாதவை நிறைய வருகின்றன. "குளச்சல்" என்று தட்டினால் குளச்சல் வருகிறது, கூடவே குலசேகரம், திருவட்டாறு என்று எழுதிய நீளப் பெயர் ஒன்றும் வந்து நிற்கிறது.

மூன்றாவதுதான் எனக்குப் புரியவே இல்லை. "கொடை" என்று தேடினால் சில வருடத்து ஃபைல்கள் வருகின்றன, சில வருடத்தது வருவதில்லை. வராத ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் ஃபைல் அங்கே இருக்கிறது, பெயரிலும் "கொடை" என்றே இருக்கிறது, எழுத்துப் பிழை எதுவும் இல்லை. அதே ஃபோல்டரில் "குருசடி" என்று தேடினால் உடனே வருகிறது. "பேனர்" வருகிறது, "கோயில்" வருவதில்லை. டெர்மினலில் எழுத்து சில இடத்தில் கொம்பு விலகித் தெரிகிறது, அதனால் இருக்குமோ?

---

குழித்துறை_பாலம் எழுதியது:

மூன்றாவது சந்தேகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுத வந்தேன், தமிழில் ஃபைல் பெயர் வைக்கிற எல்லாருக்கும் இது என்றாவது ஒரு நாள் வரும்.

நீங்கள் கொடுத்த சொற்களைப் பாருங்கள். வராதவை கொடை, கோயில். வருபவை குருசடி, பேனர். வராத இரண்டிலும் கொ, கோ இருக்கிறது. யுனிகோடில் "ொ" என்ற குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒன்று, அதற்கென்றே உள்ள ஒற்றைக் குறியீடாக. இன்னொன்று, ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக, இரண்டு குறியீடாக. திரையில் இரண்டும் ஒன்றே, கண்ணால் பிரிக்க முடியாது. "ோ" என்பதற்கும் இதே கதை, "ௌ" என்பதற்கும், "ஔ" என்ற உயிரெழுத்துக்கும் இதே கதை. மற்ற குறிகளுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது, "ை" கூட ஒற்றைக் குறியீடுதான். அதனால்தான் குருசடி தப்பித்தது. விண்டோஸிலும் லினக்ஸிலும் நீங்கள் தட்டும்போது பொதுவாகச் சேர்ந்த வடிவம்தான் வரும். மேக்கின் பழைய ஃபைல் சிஸ்டமான எச்எஃப்எஸ் பிளஸ் எல்லாப் பெயரையும் பிரித்த வடிவத்தில்தான் எழுதும். வராத வருடங்களின் ஃபைல்கள் மேக்கிலிருந்து வந்தவையா என்று பாருங்கள், எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

நிச்சயப்படுத்த, ஒரு பெயரை எடுத்து, பைட்களைக் காட்டும் ஹெக்ஸ்டம்ப்புக்கு அனுப்புங்கள். சேர்ந்த வடிவத்தில் "ொ" மூன்று பைட், பிரித்த வடிவத்தில் ஆறு பைட். எஃப்இசட்எஃப் ஒவ்வொரு குறியீடாகப் பொருத்திப் பார்க்கிறது, நீங்கள் தட்டியது ஒற்றைக் குறியீடு, ஃபைலில் இருப்பது இரண்டு, அதனால் பொருந்தாது. கருவியின் மேல் குற்றம் இல்லை, கிரெப்பில் தேடினாலும் ஃபைண்டில் தேடினாலும் இதேதான் நடக்கும்.

சரிசெய்ய, ஃபைல் பெயர்களின் என்கோடிங்கை மாற்றும் கன்வெம்வி என்று ஒரு கமாண்ட் இருக்கிறது, ஏபிடியில் கிடைக்கும். எந்த என்கோடிங்கிலிருந்து எதற்கு என்ற இரண்டு இடத்திலும் யுடிஎஃப்8 என்றே கொடுத்து, சேர்ந்த வடிவத்துக்கு மாற்ற --என்எஃப்சி சேர்த்து, உள் ஃபோல்டர்களுக்கும் போக -ஆர் சேர்த்து ஓட்டுங்கள். முதலில் அது எதையும் மாற்றாது, என்ன மாற்றும் என்று பட்டியல் மட்டும் காட்டும், அது மிக நல்ல பழக்கம். பட்டியலை நிதானமாகப் பார்த்துவிட்டு --நோடெஸ்ட் சேர்த்தால்தான் உண்மையில் மாற்றும். ஓட்டும் முன் ஒரு பேக்கப் இருக்கட்டும். அப்புறம், கோரல்டிரா ஃபைலில் படத்தை உள்ளே வைக்காமல் வெளியே லிங்க் கொடுத்திருந்தால், படத்தின் பெயரோ ஃபோல்டரின் பெயரோ மாறும்போது அந்த லிங்க் அறுபடலாம். அப்படிப்பட்ட ஃபைல்களைத் தனியாகக் கவனியுங்கள்.

அதுவரை அவசரத்துக்கு ஒரு வழி: குறியை விட்டுவிட்டுத் தட்டுங்கள். "கொடை" என்பதற்கு "கடை" என்று தட்டினால், க, ட, ை மூன்றும் அந்த வரிசையில் எங்கே இருந்தாலும் பொருத்திக்கொள்ளும், இரண்டு வடிவமும் வரும்.

இதே குணம்தான் உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கும் காரணம். தட்டிய எழுத்துகள் அடுத்தடுத்து இருக்க வேண்டியதில்லை, வரிசை மாறாமல் இருந்தால் போதும் என்பது அதன் இயல்பு. ஆங்கிலத்தில் அது வசதி. தமிழில் மெய்யும் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு, புள்ளி இல்லாத பெயரே கிடையாது, உகரக் குறியும் அப்படித்தான், அதனால் நீளமான பெயர் ஒன்று இருந்தால் அதற்குள் எல்லாம் எங்காவது அகப்பட்டுவிடும். சொல்லுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டுத் தட்டுங்கள், அந்தச் சொல் அப்படியே இருந்தால் மட்டும் வரும். ஒவ்வொரு தடவையும் போட மனமில்லை என்றால் தொடங்கும்போதே -இ (e) கொடுங்கள், எல்லாச் சொல்லும் அப்படியே தேடப்படும், குறி போட்ட சொல் மட்டும் பழையபடி தளர்வாகத் தேடப்படும். தமிழ்ப் பெயர்களுக்கு -இ தான் சரி என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் சந்தேகம்: --பாஷ் என்பது 0.48 பதிப்பில்தான் வந்தது. உபுண்டு 24.04-இல் இருப்பது 0.44. யூஎஸ்ஆர், ஷேர், டாக், எஃப்இசட்எஃப், எக்ஸாம்பிள்ஸ் என்று போனால் அங்கே கீ-பைண்டிங்ஸ் என்று பாஷுக்கான ஃபைல் இருக்கும், பாஷ்ஆர்சியில் அதை சோர்ஸ் செய்தால் கன்ட்ரோல்-டி வேலை செய்யும். பழைய கமாண்டுகளைத் தேடுகிற கன்ட்ரோல்-ஆர் கூடக் கிடைக்கும், அதற்காகவே இதை நிறுவுகிறவர்கள் உண்டு.

கொம்பு விலகித் தெரிவது டெர்மினலின் குறை. ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம் என்று வரைகிற திரையில் தமிழ் சரியாக உட்காராது, பெயருக்குள் எந்தக் கெடுதலும் இல்லை. எம்எல்டெர்ம் என்ற டெர்மினல் இந்திய எழுத்துகளை ஓரளவு ஒழுங்காகக் காட்டும், லேப்டாப்பில் லினக்ஸ் இருந்தால் போட்டுப் பாருங்கள்.

---

முட்டம்_கலங்கரை எழுதியது:

குழித்துறை சொன்னது எனக்கே புதிது, இங்கேயும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

தக்கலைக்கு ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. உங்கள் கடையில் வருடத்துக்கு ஒரு ஃபோல்டர், ஒவ்வொன்றிலும் "கொடை நோட்டீஸ் பைனல்" என்று ஒரு ஃபைல் கட்டாயம் இருக்கும். 2021-இல் இருந்து ஒன்று, 2022-இல் இருந்து ஒன்று என்று டிக் செய்து ஒரே இடத்துக்கு அனுப்பினால், பெயர் இரண்டும் ஒன்றாக இருப்பதால் சிபி இரண்டாவதை மறுத்து ஒரு எரர் வரி காட்டும், முதலாவது மட்டும் போகும். அந்த வரியைக் கவனிக்காமல் பென்டிரைவைக் கழற்றினால் சிவகாசியில்தான் தெரியும். சிபிக்கு --பேரண்ட்ஸ் சேர்த்துவிடுங்கள், 2021, 2022 என்ற ஃபோல்டர் அமைப்பு அப்படியே பென்டிரைவிலும் உருவாகும்.

பென்டிரைவ் ஃபேட்32 என்றால் பெயரில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி இருக்கும் ஃபைல்களை ஏற்காது. எழுதி முடிந்ததும் சிங்க் கமாண்ட் கொடுத்துவிட்டு, அன்மவுண்ட் செய்துவிட்டுக் கழற்றுங்கள்.

அழிக்கும் வேலைக்கு இந்தப் பைப்பில் ஆர்எம் சேர்க்கவே வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு டாப் கூடத் தட்டினால் ஒரு குடும்பத்தின் கல்யாணப் பத்திரிகை போய்விடும். டிராஷ்-சிஎல்ஐ நிறுவி டிராஷ்-புட் கொடுங்கள், திரும்ப எடுக்கலாம். அதிலும் எக்ஸார்க்ஸுக்கு -பி (p) சேர்த்தால் முழுக் கமாண்டையும் காட்டி, சம்மதம் கேட்டுவிட்டுத்தான் ஓடும்.

---

தக்கலை_டிடிபி எழுதியது:

குழித்துறை அண்ணா, மேக் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! என் தங்கை வீட்டிலிருந்து டிசைன் செய்து தருகிறாள், அவளிடம் பழைய ஐமேக் இருக்கிறது. வராத ஃபோல்டர்கள் எல்லாம் அவள் அனுப்பியவை. ஹெக்ஸ்டம்ப்பில் ஆறு பைட்தான் வருகிறது. பேக்கப் எடுத்துவிட்டு கன்வெம்வி ஓட்டினேன், இப்போது "கொடை" என்றால் எல்லா வருடமும் வருகிறது. -இ போட்ட பிறகு குளச்சல் என்றால் குளச்சல் மட்டும்தான்.

--பேரண்ட்ஸும் ஃபங்ஷனில் சேர்த்துவிட்டேன், முட்டம் அண்ணனுக்கு நன்றி.

இன்னும் இரண்டு கேட்க வேண்டும். டிக் செய்யும் முன் ஃபைல் எது என்று பக்கத்தில் காட்ட முடியுமா? கூடவே புரூஃப் பிடிஎஃப் இருக்கிறது, அதன் எழுத்தைக் காட்டினால் போதும். அப்புறம் தங்கை இனி அனுப்புவதும் பிரித்த வடிவத்தில்தான் வரும், மாதாமாதம் கன்வெம்வி ஓட்ட வேண்டுமா?

---

வடசேரி_சந்தை எழுதியது:

முன்னோட்டத்துக்கு --ப்ரிவ்யூ என்று கொடுத்து, அதற்குள் ஒரு கமாண்டும் ஜோடி நெளிவு அடைப்பும் எழுத வேண்டும், அந்த அடைப்புக்குள் எஃப்இசட்எஃப் தானே மேற்கோள் குறி போட்டுப் பெயரை வைக்கும். பிடிஎஃப்-டு-டெக்ஸ்ட் கொடுத்தால் பிடிஎஃப்பின் எழுத்து வலது பக்கம் வரும். ஆனால் நீங்கள் பாமினி மாதிரி பழைய ஃபாண்ட்டில் டைப் செய்திருந்தால் அங்கே ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும், யுனிகோடில் டைப் செய்ததில்தான் ஓரளவாவது படிக்க முடியும். டிடிபி கடைகளில் பெரும்பாலும் பாமினிதானே. அப்படியானால் எல்எஸ் -எல் கொடுத்து, தேதியையும் அளவையும் மட்டும் காட்டச் சொல்லுங்கள். பைனல், பைனல் 2, புது பைனல் என்று மூன்று நிற்கும்போது எது கடைசியாக மாற்றியது என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டியிருக்கும், அதற்கு அது போதும்.

பட்டியல் கீழிருந்து மேலே போவது கண்ணுக்கு ஒத்துவராவிட்டால் --ரிவர்ஸ் சேருங்கள்.

---

குழித்துறை_பாலம் எழுதியது:

மாதாமாதம் வேண்டாம். தங்கை எப்படி அனுப்புகிறார் என்பதைப் பொறுத்தது. ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைல் அனுப்பும் ஆர்சிங்க் வழியாக என்றால், மேக்கிலிருந்து ஓட்டும்போது --ஐகான்வ் ஆப்ஷனில் தன் பக்கத்துக்கு யுடிஎஃப்-8-மேக், சர்வர் பக்கத்துக்கு யுடிஎஃப்-8 என்று கொடுத்தால் போகிற வழியிலேயே பெயர்கள் சேர்ந்த வடிவத்துக்கு மாறிவிடும். பழைய மேக்கில் கூடவே வருகிற ஆர்சிங்க் 2.6.9, அதில் இந்த ஆப்ஷன் கிடையாது. ஹோம்ப்ரூ வழியாக 3-ஆம் பதிப்பைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், ரொம்பப் பழைய ஐமேக் என்றால் மேக்போர்ட்ஸ் முயன்று பார்க்கலாம்.

பென்டிரைவிலோ வாட்ஸ்அப்பிலோ ஜிப்பாக வருகிறது என்றால், அவர் அனுப்புவதற்கென்று சர்வரில் தனி ஃபோல்டர் ஒன்று வையுங்கள். அதற்கு மட்டும் கிரானில் (குறித்த நேரத்தில் கமாண்டைத் தானாக ஓட்டும் வசதி) இரவு ஒரு தடவை கன்வெம்வி ஓடட்டும். வருட ஃபோல்டர்களை கிரான் தொட வேண்டாம், மறுநாள் காலையில் பார்த்துவிட்டு நீங்களே நகர்த்துங்கள். அதே பெயரில் சேர்ந்த வடிவமும் பிரித்த வடிவமும் ஒரே ஃபோல்டரில் இரண்டு ஃபைலாக இருக்க லினக்ஸ் அனுமதிக்கும், அப்படி ஒன்று இருந்தால் கன்வெம்வி அதை மாற்றாமல் விட்டுவிட்டு ஒரு வரி எச்சரிக்கை கொடுக்கும். கிரான் வெளியீட்டை ஒரு லாக் ஃபைலில் எழுதச் சொல்லி வையுங்கள், அந்த வரி அங்கே நிற்கும்.